வீட்டோடு தங்கும் ஓ-பேர்: ஒப்பந்தத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

அமெரிக்காவில், வெளிநாட்டிலிருந்து வந்து வீட்டோடு தங்கிக் குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் ஓ-பேர் ஒருவரை அழைக்கலாமா என்று விசாரிக்கத் தொடங்கியதும் காதில் விழும் முதல் எண் 195.75 டாலர். வாரத்துக்கு அவ்வளவுதான், 45 மணி நேரம் குழந்தையைப் பார்த்துக்கொள்வார், வீட்டிலேயே தங்கிக்கொள்வார் என்பார்கள். டே கேர் கட்டணத்தைக் கட்டி விழி பிதுங்கி நிற்கும் பெற்றோருக்கு இது தேனாக இனிக்கும். எங்களுக்கும் இனித்தது. அந்த எண்ணை 52-ஆல் பெருக்கி, ஆண்டுக்குப் பத்தாயிரம் டாலர் என்று முடிவுகட்டி, ஏஜென்சிக்கு முன்பணம் கட்டிவிட்டோம். ஆண்டு முடிந்து நோட்டைக் கூட்டிப் பார்த்தபோது செலவு அதைப்போல இரண்டரை மடங்குக்கும் மேல் போயிருந்தது.

பணம் கூடப் போனதை எப்படியோ சமாளித்துவிட்டோம். கணக்குத் தப்பியதால் இடையில் எங்கெல்லாம் கையை இறுக்கினோமோ, அந்த இறுக்கமெல்லாம் இருபத்தொரு வயதுப் பெண் ஒருவர் மேல் போய் விழுந்ததுதான் இன்றும் உறுத்துகிறது. புதிதாக இந்த வழியில் இறங்குபவர்கள் ஏஜென்சியின் விளம்பரப் பக்கத்தைப் பார்ப்பதற்கு முன் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து முழு ஆண்டுக் கணக்கையும் போட்டுவிட வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ஓ-பேர் என்பது பிரெஞ்சுச் சொல். ‘சமமாக’ என்று பொருள். வீட்டு வேலைக்கு வருபவராக இல்லாமல், வீட்டாரோடு ஒரே மேசையில் உட்கார்ந்து சாப்பிடுபவராக, அந்த நாட்டின் மொழியையும் வாழ்க்கையையும் கற்றுக்கொண்டு, பதிலுக்குக் குழந்தைகளைப் பார்த்துக்கொள்பவர் என்ற எண்ணத்தில் எழுந்த ஏற்பாடு இது. அமெரிக்காவில் 1986-இல் தொடங்கியது. இப்போது வெளியுறவுத் துறையின் பொறுப்பில், ஜே-1 என்னும் பண்பாட்டுப் பரிமாற்ற விசாவின் கீழ் நடக்கிறது. பிரேசில், கொலம்பியா, மெக்சிகோ, ஜெர்மனி, தென்னாப்பிரிக்கா போன்ற நாடுகளிலிருந்து 18 முதல் 26 வயதுக்குட்பட்டவர்கள் வருகிறார்கள். நீங்களாக ஒருவரை நேரடியாக வரவழைத்துக்கொள்ள முடியாது. வெளியுறவுத் துறை அங்கீகரித்த ஏஜென்சி வழியாகத்தான் எல்லாம் நடக்கும்.

முதல் படி: உங்களால் முடியுமா என்று பாருங்கள்

பணக் கணக்குக்கு முன் இதைப் பார்க்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஏற்கும் குடும்பத்தின் பெற்றோர் அமெரிக்கக் குடியுரிமை பெற்றவர்களாகவோ, கிரீன் கார்டு வைத்திருப்பவர்களாகவோ இருக்க வேண்டும் என்பது விதி. எச்-1பி விசாவில் இருக்கும் நண்பர்கள் பலர் இது தெரியாமல் வாரக்கணக்கில் ஏஜென்சிகளின் பக்கங்களைப் புரட்டி, விண்ணப்பத்தை நிரப்பும்போதுதான் நின்றுபோகிறார்கள். வேலை விசாவில் இருப்பவர்களுக்கு இந்தக் கதவு இப்போதைக்குத் திறக்காது. அவர்கள் டே கேர் அல்லது உள்ளூர் ஆயா பற்றி யோசிப்பதே நேரத்தை மிச்சப்படுத்தும்.

வீட்டில் ஆங்கிலம் சரளமாகப் பேச வேண்டும். உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார்கள், நேரில் வந்து பேசுவார்கள். ஓ-பேருக்குத் தனிப் படுக்கையறை கட்டாயம். கதவுள்ள, அவருக்கே அவருக்கான அறை. கூடத்தின் மூலையில் திரை போட்டுத் தருவதோ, குழந்தையோடு ஒரே அறையில் படுக்கச் சொல்வதோ கூடாது. இந்த ஒரு விதிக்காக இரண்டு அறை அடுக்ககத்திலிருந்து மூன்று அறைக்கு மாற வேண்டியிருந்தால், வாடகை வித்தியாசம்தான் உங்கள் கணக்கின் மிகப் பெரிய வரியாக இருக்கும். அதை முதலில் எழுதுங்கள்.

குழந்தையின் வயதையும் பாருங்கள். மூன்று மாதம் நிரம்பாத குழந்தையை, பெற்றோரோ பொறுப்பான வேறு பெரியவரோ வீட்டில் இல்லாமல் ஓ-பேரிடம் விடக் கூடாது. இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தை இருந்தால், கைக்குழந்தைகளைப் பார்த்துக்கொண்ட 200 மணி நேர அனுபவத்தை ஆவணமாகக் காட்டியவரைத்தான் தேர்ந்தெடுக்க முடியும்.

இரண்டாம் படி: 195.75 எப்படி வந்தது என்று புரிந்துகொள்ளுங்கள்

எனக்குப் பிடிபடவே ஓராண்டு ஆன கணக்கு இது. மத்திய அரசின் குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 7.25 டாலர். 2009 ஜூலையிலிருந்து அது மாறவே இல்லை. வாரத்துக்கு 45 மணி என்றால் 326.25 டாலர். அதிலிருந்து தங்குமிடத்துக்கும் சாப்பாட்டுக்குமாக 40 சதவீதத்தை, அதாவது 130.50 டாலரைக் கழித்துவிடுகிறார்கள். மீதிதான் 195.75.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். வாரம் 130.50 டாலர் என்றால் 52 வாரத்துக்கு 6,786 டாலர். அறைக்கும் உணவுக்குமாக அந்தப் பெண் உங்களுக்கு ஏற்கெனவே கட்டிவிட்ட பணம் அது. கையில் வாங்கிக் கொடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆகவே “சும்மா தங்க இடம் கொடுத்து, சாப்பாடும் போடுகிறோம்” என்று சொல்லவோ நினைக்கவோ நமக்கு இடமில்லை. சாப்பாட்டுச் செலவைச் சுருக்கினால் அவர் ஏற்கெனவே கொடுத்த பணத்தில் கை வைக்கிறோம் என்று பொருள்.

எங்கள் முதல் ஓ-பேர் கொலம்பியாவிலிருந்து வந்தவர். வந்து ஆறாவது வாரம் இருக்கும். ஒருநாள் இரவு குளிர்பதனப் பெட்டியின் கீழ்த்தட்டைத் துடைத்துக்கொண்டிருந்தேன். காய்கறித் தட்டுக்குப் பின்னால், கண்ணில் படாதபடி, இரண்டு சின்னத் தயிர்க் கிண்ணங்களும் பாதி வெட்டிய பாலாடைக்கட்டிப் பொட்டலமும் இருந்தன. மூன்றின் மேலும் வெள்ளைப் பட்டை ஒட்டி, பேனாவால் அவர் பெயர் எழுதியிருந்தது. மேல்தட்டு நிறையக் குழந்தைகளுக்கு வாங்கிய தயிர் இருந்தது. அது குழந்தைகளுக்கானது என்று நினைத்து, தன் வாரப்படியிலிருந்து தனக்கு வாங்கிவைத்திருக்கிறார். “எதை வேண்டுமானாலும் எடுத்துக்கொள்” என்று முதல் நாளே சொல்லிவிட்டோமே என்று எனக்கு ஒரே திகைப்பு. ஆனால் கடைக்குப் போகும் பட்டியலை எழுதும்போது உனக்கு என்ன வேண்டும் என்று ஒருமுறைகூட அவரைக் கேட்டதில்லை. மறுநாளிலிருந்து கடைப் பட்டியலைப் பெட்டியின் கதவிலேயே தொங்கவிட்டோம். அவருக்கு வேண்டியதை அவரே எழுதுவார். சாப்பாட்டுச் செலவு வாரத்துக்குச் சுமார் 60 டாலர் கூடியது. உண்மையான செலவு அன்றுதான் தெரியத் தொடங்கியது.

195.75 என்பது கீழ்வரம்பு மட்டுமே. அதற்கு மேல் கொடுக்கத் தடையே இல்லை. ஏஜென்சிகள் இதைப் பெற்றோரிடம் தெளிவாகச் சொல்லவில்லை, கூடிப் பேசி ஊதியத்தை அந்த எண்ணிலேயே நிறுத்திவைத்தன என்று ஓ-பேர்களாக வந்தவர்களே கொலராடோவில் வழக்குத் தொடர்ந்தார்கள். 2019-இல் ஏஜென்சிகள் 6.55 கோடி டாலர் கொடுத்துச் சமரசம் செய்துகொண்டன.

நீங்கள் இருக்கும் மாநிலத்தையும் கட்டாயம் பாருங்கள். மாசசூசெட்ஸில் வீட்டுப் பணியாளர்களுக்கான மாநிலச் சட்டம் ஓ-பேர்களுக்கும் பொருந்தும் என்று 2019 டிசம்பரில் மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2023 முதல் அங்கே குறைந்தபட்ச ஊதியம் மணிக்கு 15 டாலர். 45 மணிக்கு 675 டாலர் ஆகிறது. மிகைநேரக் கூடுதல் அதற்கு மேல். அறைக்கும் உணவுக்கும் சிறிய தொகையைத்தான் கழிக்க முடியும். ஆகவே அங்கே இந்த ஏற்பாட்டின் கணக்கே வேறு. உங்கள் மாநிலத்திலும் நகரத்திலும் என்ன நிலவரம் என்று ஏஜென்சியிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள். தொலைபேசியில் சொன்னதை நம்பாதீர்கள்.

பள்ளி செல்லும் குழந்தைகள் மட்டும் இருந்தால் எஜுகேர் என்ற இன்னொரு வகை உண்டு. வாரத்துக்கு 30 மணி நேரம்தான், வாரப்படி 146.81 டாலர். ஆனால் கல்விச் செலவுக்கு நீங்கள் தர வேண்டியது 1,000 டாலர் வரை. காலையிலும் மாலையிலும் மட்டும் ஆள் தேவைப்படும் வீட்டுக்கு இது பொருத்தம்.

மூன்றாம் படி: ஏஜென்சிக் கட்டணம்

வாரப்படியை அடுத்த பெரிய செலவு இதுதான். சில சமயம் அதற்கு இணையாகவே நிற்கும். ஆண்டுக்குச் சுமார் 9,000 முதல் 12,000 டாலர் வரை கேட்கிறார்கள். ஆள் தேர்வு, விசா ஆவணம், பயிற்சி, மருத்துவக் காப்பீடு, உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் ஆகியவை அதற்குள் வரும். ஓ-பேர் குழந்தைகளோடு பழகத் தொடங்கும் முன் 32 மணி நேரப் பயிற்சி முடித்திருக்க வேண்டும். அதில் 8 மணி குழந்தைப் பாதுகாப்பு, 24 மணி குழந்தை வளர்ச்சி. இவையெல்லாம் விதியில் இருப்பவை என்பதால் எல்லா ஏஜென்சியும் செய்யும். ஏஜென்சிக்கு ஏஜென்சி வித்தியாசப்படுவது வேறு சில இடங்களில்.

பணம் திரும்பக் கிடைக்கும் விதி அவற்றில் முதன்மையானது. எங்கள் இரண்டாவது ஓ-பேர் வீட்டு நினைவு தாங்காமல் மூன்றாவது மாதம் ஊருக்குத் திரும்பிவிட்டார். அவர் மேல் குறை சொல்ல ஒன்றுமில்லை. பத்தொன்பது வயது, முதல்முறையாக வீட்டைப் பிரிந்திருக்கிறார். ஆனால் ஏஜென்சியிடம் கேட்டபோது, மாதம் ஆக ஆகத் திருப்பித் தரும் தொகை குறையும், முதல் மாதம் முடிந்ததும் பாதிக்கு மேல் போய்விடும் என்று ஒப்பந்தத்தின் பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதைக் காட்டினார்கள். கையெழுத்து எங்களுடையதுதான். படித்திருக்க வேண்டியது நாங்கள். நீங்கள் கேட்க வேண்டிய கேள்விகள் இவை: பாதியில் போனால் வேறொருவரை எத்தனை வாரத்துக்குள் தருவார்கள்? பொருத்தமானவர் கிடைக்காவிட்டால் பணமாக எவ்வளவு திரும்பும்? ரீமேட்ச் என்று அவர்கள் சொல்லும் மறுதேர்வுக்குத் தனிக் கட்டணம் உண்டா? பயிற்சி முடித்து உங்கள் ஊருக்கு வரும் பயணச் செலவு கட்டணத்தில் அடக்கமா?

அந்த இடைவெளியில் குழந்தையை யார் பார்ப்பது என்ற கேள்விக்கும் இப்போதே விடை எழுதிவையுங்கள். எங்களுக்கு இரண்டரை வாரம் ஆனது. இருவரும் மாறி மாறி விடுப்பு எடுத்தோம்.

இன்னொன்றையும் மனத்தில் வையுங்கள். நாம் மட்டும் பணம் கட்டுவதில்லை. வருபவரும் தன் நாட்டு ஏஜென்சிக்குக் கட்டணம் கட்டி, விசாவுக்கு 185 டாலர் கொடுத்து, பலர் கடன் வாங்கித்தான் வருகிறார்கள். முதல் சில மாத வாரப்படி அந்தக் கடனுக்குப் போய்விடும். முதல் வாரப்படியைத் தாமதிக்காமல் கொடுப்பது அவருக்கு எவ்வளவு பெரிய விஷயம் என்பது இதைத் தெரிந்துகொண்ட பிறகுதான் எங்களுக்கு உறைத்தது.

நான்காம் படி: வீட்டுக்குள் கசியும் செலவுகள்

கல்விக்கு 500 டாலர் வரை நீங்கள் தர வேண்டும். ஓ-பேர் ஆண்டில் ஆறு கிரெடிட் (கல்லூரிப் பாடத்தை அளக்கும் அலகு) அளவுக்கு ஏதாவது கல்லூரியில் படித்தாக வேண்டும் என்பது விசாவின் நிபந்தனை. வகுப்புக்குப் போய்வர வழி செய்வதும் உங்கள் பொறுப்பு. பெரும்பாலான ஊர்களில் 500 டாலருக்குள் ஆறு கிரெடிட் அடங்குவதில்லை. மீதியை அவர்தான் போட வேண்டும். முடிந்தால் கொஞ்சம் கூட்டிக் கொடுங்கள். சமுதாயக் கல்லூரிகளின் கட்டணத்தை அவர் வருவதற்கு முன்பே விசாரித்துவைத்தால் இருவருக்கும் நல்லது.

கார் பெரிய செலவு. குழந்தையைப் பள்ளியில் விட ஓ-பேர் கார் ஓட்ட வேண்டும் என்றால் அவரைக் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். 25 வயதுக்குட்பட்ட, அமெரிக்காவில் ஓட்டிய வரலாறே இல்லாத ஓட்டுநரைச் சேர்த்தால் தவணை எகிறும். எவ்வளவு எகிறும் என்பது மாநிலத்துக்கு மாநிலம், காருக்குக் கார் மாறும் என்பதால் ஒப்பந்தத்துக்கு முன்பே காப்பீட்டு நிறுவனத்தை அழைத்து வயதைச் சொல்லி மதிப்பீடு வாங்குங்கள். ஐந்து நிமிட வேலை. உரிமம் எடுக்கும் செலவும், நான்கைந்து ஓட்டுநர் வகுப்புகளும் தனி. தன் நாட்டில் ஓட்டத் தெரியும் என்பதும் இங்கே பனியில் ஓட்டுவதும் ஒன்றல்ல.

விபத்து நடந்தால் யார் பணம் தருவது என்பதை அவர் சாவியைத் தொடுவதற்கு முன் எழுதிவிடுங்கள். எங்கள் கார் ஒருநாள் வாகன நிறுத்தத்தில் தூணில் உரசியது. சின்னக் கீறல். வீட்டுக்கு வந்த அந்தப் பெண் வாசலிலேயே நின்றுகொண்டு, மூன்று வாரப் பணத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள் என்று அழுதார். எழுதிவைக்காததால் வந்த அழுகை அது. வேலை நேரத்தில் நடந்தால் முழுவதும் எங்கள் பொறுப்பு, சொந்த வேலையாக எடுத்துப் போகும்போது நடந்தால் ஒரு சிறிய வரம்பு வரை மட்டும் அவர் பொறுப்பு என்று பிறகு எழுதிக்கொண்டோம்.

கைப்பேசி, அறைக்குக் கட்டில், மேசை, குளிர்காலக் கம்பளி, கூடும் மின்கட்டணம், குடும்பமாக வெளியே சாப்பிடும்போது கூடும் ஒரு தட்டு, பிறந்தநாள் பரிசு ஆகியவையும் உண்டு. சுற்றுலாவுக்கு அழைத்துப் போனால் அவருடைய விமானச் சீட்டும் அறையும் உங்கள் செலவு. அங்கே குழந்தையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னால் அந்த நேரமும் 45 மணிக்குள் அடங்க வேண்டும்.

மருத்துவக் காப்பீட்டைப் பற்றி ஒரு வார்த்தை. ஜே-1 விதிப்படி ஒவ்வொரு நோய்க்கும் விபத்துக்கும் குறைந்தது 1,00,000 டாலர் வரை காப்பீடு இருக்க வேண்டும். அதை ஏஜென்சி ஏற்பாடு செய்யும். பல் வலியும் பழைய நோயும் பெரும்பாலும் அதற்குள் வராது. வரும் முன் பல் மருத்துவரைப் பார்த்துவிட்டு வரச் சொல்லுங்கள்.

ஐந்தாம் படி: 45 மணிக்கு மேல் தேவையா?

பெற்றோர் அதிகம் சறுக்கும் இடம் இது. ஒரு நாளைக்கு 10 மணி நேரம், வாரத்துக்கு 45 மணி நேரம். அதற்கு மேல் கூடாது. கூடுதல் பணம் கொடுத்தாலும் கூடாது. வாரத்தில் ஒன்றரை நாள் முழு ஓய்வு, மாதத்தில் ஒரு முழு வார இறுதி ஓய்வு, ஆண்டில் இரண்டு வாரம் ஊதியத்தோடு விடுமுறை. பெரியவர்களின் துணியைத் துவைப்பது, வீடு முழுக்கப் பெருக்குவது, விருந்துக்குச் சமைப்பது எதுவும் அவர் வேலையில் சேராது. குழந்தையின் துணி, குழந்தையின் சாப்பாடு, குழந்தை இறைத்த பொம்மைகள் வரைதான்.

இப்போது உங்கள் வாரத்தைக் கணக்கிடுங்கள். இருவரும் எட்டு மணி நேர வேலை, போக்குவரத்து இரண்டு மணி நேரம் என்றால் நாளுக்குப் பத்து, ஐந்து நாளுக்கு ஐம்பது. அப்போதே ஐந்து மணி நேரம் இடிக்கிறது. அந்த ஐந்து மணிக்கு ஒன்று நீங்கள் வேலை நேரத்தை மாற்ற வேண்டும், அல்லது மணிக்கணக்கில் வரும் ஆள் வேண்டும். குழந்தை இரவில் அழும்போது எழுந்து பார்ப்பதும், “பத்தே நிமிடம் பார்த்துக்கொள், குளித்துவிட்டு வருகிறேன்” என்பதும் மணிக்கணக்கில் சேரும். எங்கள் வீட்டில் சமையலறைச் சுவரில் ஒரு காலண்டர். தொடங்கிய நேரம், முடித்த நேரம் இரண்டையும் அவரே எழுதுவார், ஞாயிறு இரவு சேர்ந்து கூட்டிப் பார்ப்போம். முதல் மாதத்தில் நான்கு வாரமும் 45-ஐத் தாண்டியிருந்தது. எழுதாமல் விட்டிருந்தால் எங்களுக்குத் தெரியவே வந்திருக்காது, அவரும் வாய் திறந்து கேட்டிருக்க மாட்டார்.

ஆறாம் படி: வரி, உங்களுடையதும் அவருடையதும்

முதலில் உங்களுக்குக் கிடைப்பது. பெற்றோர் இருவரும் வேலைக்குப் போகிறவர்கள் என்றால், அலுவலகம் வழியாகக் குழந்தைப் பராமரிப்புக்கு வரிக்கு முந்தைய பணத்தை ஒதுக்கும் எஃப்எஸ்ஏ கணக்கு இருக்கிறதா என்று பாருங்கள். குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5,000 டாலராக இருந்த வரம்பு 2026 முதல் 7,500 டாலர். 22 சதவீத வருமான வரியும் 7.65 சதவீதச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் (முதியோர் மருத்துவக் காப்பீடு) வரியும் கட்டுபவருக்கு 7,500 டாலரில் ஏறத்தாழ 2,220 டாலர் மிஞ்சும். எஃப்எஸ்ஏ இல்லாதவர்களுக்குப் பராமரிப்புச் செலவுக்கான வரிச் சலுகை உண்டு. ஒரு குழந்தைக்கு 3,000, இரண்டு அல்லது அதற்கு மேல் என்றால் 6,000 டாலர் வரையிலான செலவு கணக்கில் வரும். எஃப்எஸ்ஏ-வில் போட்ட பணத்தை இந்த வரம்பிலிருந்து கழித்துவிடுவார்கள் என்பதால் இரண்டையும் முழுதாகப் பெற முடியாது. வாரப்படியோடு, பராமரிப்பைப் பெறுவதற்காக ஏஜென்சிக்குக் கட்டிய கட்டணத்தையும் பராமரிப்புச் செலவாகக் காட்டலாம். ஓ-பேரின் சமூகப் பாதுகாப்பு எண் படிவத்தில் கேட்பார்கள். அவர் வந்த முதல் மாதமே அதற்கு விண்ணப்பிக்க அழைத்துப் போங்கள்.

அவருடைய வரிதான் பலரும் பேசாத விஷயம். பெரும்பாலான ஓ-பேர்களுக்குச் சமூகப் பாதுகாப்பு, மெடிகேர் வரி கிடையாது. நீங்களும் வருமான வரியைப் பிடித்தம் செய்ய வேண்டியதில்லை. ஆனால் அவர் வெளிநாட்டவருக்கான 1040-என்ஆர் என்ற வரிப் படிவம் தாக்கல் செய்து வருமான வரி கட்ட வேண்டும். வருமானத்தில் ஒரு பகுதிக்கு வரி போடாமல் விடும் நிலையான கழிவு நமக்குக் கிடைக்கும், அவருக்குப் பொதுவாகக் கிடையாது. முதல் டாலரிலிருந்தே பத்து சதவீதம். எங்கள் ஓ-பேர் ஆகஸ்டில் வந்தவர். டிசம்பர் வரை 20 வாரத்துக்கு 3,915 டாலர் வாங்கியிருந்தார். அடுத்த மார்ச்சில் அவர் கையில் காகிதத்தோடு வந்து நின்றபோது கட்ட வேண்டியது ஏறத்தாழ 390 டாலர். இரண்டு வாரச் சம்பளம். சேமித்துவைத்திருக்கவில்லை, ஏனென்றால் யாரும் சொல்லவில்லை. அந்தப் பணத்தை நாங்களே கட்டினோம். நீங்கள் முதல் வாரமே சொல்லிவிடுங்கள். வாரம் 20 டாலரை ஒதுக்கிவைக்கச் சொல்லலாம், அல்லது அந்த 20 டாலரை நீங்களே வாரப்படிக்கு மேல் கொடுத்துவிடலாம். சில மாநிலங்களில் மாநில வரியும் உண்டு.

ஏழாம் படி: கூட்டிப் பாருங்கள்

எங்கள் முதலாண்டு நோட்டிலிருந்து எடுத்துத் தருகிறேன். உங்கள் எண்கள் வேறாக இருக்கும், வரிசை இதேதான் இருக்கும். வாரப்படி 10,179 டாலர். ஏஜென்சி 10,000. கல்வி 500. இதுவரை 20,679. சாப்பாடு 3,120. கார்க் காப்பீட்டுக் கூடுதலும் எரிபொருளும் 2,000. கைப்பேசி 300. அறைக்கு 800. அவர் விடுமுறையில் போன வாரங்களில் மாற்று ஆளுக்கு 600. மொத்தம் 27,499 டாலர். மாதத்துக்கு 2,290 சொச்சம். விடுமுறை போக 50 வாரம், வாரம் 45 மணி என்று வகுத்தால் மணிக்குப் பன்னிரண்டு டாலருக்குச் சற்று மேல்.

ஒரே குழந்தை இருக்கும் வீட்டுக்கு இது லாபமா என்றால், பல ஊர்களில் இல்லை. டே கேரே மலிவாக இருக்கலாம். ஆனால் ஓ-பேரின் செலவு குழந்தைகளின் எண்ணிக்கையால் ஏறுவதில்லை. டே கேர் தலைக்கு இவ்வளவு என்று வாங்குகிறது. இரண்டு குழந்தைகள் உள்ள வீட்டில் தராசு சமமாக நிற்கும். மூன்று என்றால் ஓ-பேர் பக்கம் சாயும். வேலை நேரம் ஒழுங்கில்லாத மருத்துவர், செவிலியர் வீடுகளில் எண்ணிக்கை எப்படியிருந்தாலும் இது உதவும். ஏனென்றால் டே கேர் மாலை ஆறு மணிக்குக் கதவை மூடிவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் என்றாலும் டே கேர் திருப்பி அனுப்பிவிடும். வீட்டில் ஓ-பேர் இருந்தால் நாம் விடுப்பு எடுக்கும் நாட்கள் குறையும்.

என் யோசனை இது. மொத்தத்தைக் கூட்டியபின் அதன் மேல் இன்னும் பத்து சதவீதம் சேருங்கள். அதற்கும் உங்கள் வருமானம் இடம் கொடுத்தால் விண்ணப்பியுங்கள். கொடுக்காவிட்டால் இந்த ஆண்டு வேண்டாம். கையைக் கடிக்கும் நிலையில் ஒருவரை வரவழைத்தால் முதலில் சுருங்குவது கடைப் பட்டியலும் கார்ச் சாவியும்தான்.

எட்டாம் படி: அவர் வருவதற்கு முந்தைய வாரம்

வீட்டு நடைமுறைகளை நான்கைந்து பக்கத்தில் எழுதிவையுங்கள். வாரப்படி எந்த நாள், எந்த வழியில் வரும். கார் எப்போது கிடைக்கும், எரிபொருளுக்கு யார் பணம். கைப்பேசிக் கட்டணம் யாருடையது. விடுமுறையை எத்தனை நாள் முன்னதாகச் சொல்ல வேண்டும். உடம்பு சரியில்லை என்றால் என்ன செய்வது. பணம் சம்பந்தப்பட்ட ஒவ்வொரு வரியிலும் எண் இருக்கட்டும். இதை வீடியோ அழைப்பில், அவர் விமானம் ஏறுவதற்கு முன்பே வாசித்துக் காட்டுங்கள். ஒத்துவராது என்று தோன்றினால் சொல்ல அவருக்கு அப்போதுதான் வாய்ப்பு.

வந்து 48 மணி நேரத்துக்குள் உள்ளூர் ஒருங்கிணைப்பாளர் தொடர்புகொள்வார், இரண்டு வாரத்துக்குள் வீட்டுக்கு வந்து இருவரோடும் பேசுவார். அந்தச் சந்திப்பில் ஓ-பேர் ஒருங்கிணைப்பாளரோடு தனியாகப் பேச நேரம் ஒதுக்கிவிட்டு நீங்கள் வெளியே போய்வாருங்கள். முதல் வாரத்திலேயே வங்கிக்கு அழைத்துப் போய் அவர் பெயரில் கணக்குத் தொடங்குங்கள். வாரப்படி அந்தக் கணக்குக்குத் தானாகப் போகும்படி செய்துவிடுங்கள். நாங்கள் வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு என்று வைத்திருக்கிறோம். மறந்துவிட்டோமா என்று அவர் நம் முகத்தைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

ஓராண்டு நன்றாகப் போனால் ஆறு, ஒன்பது அல்லது பன்னிரண்டு மாதம் நீட்டிக்கலாம். ஏஜென்சிக் கட்டணம் மறுபடியும் உண்டு, பொதுவாக முதலாண்டைவிடக் குறைவாக இருக்கும். கல்விச் செலவு ஆறு மாதத்துக்கு 250, மற்றவற்றுக்கு 500 டாலர் வரை. நீட்டிப்பைப் பற்றி எட்டாவது மாதமே பேசிவிடுங்கள். வாரப்படியைக் கூட்டுவதைப் பற்றியும் அப்போதே நீங்களாகத் தொடங்குங்கள், அவர் கேட்கட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.